போன் நெட்டில் லேப்டாப் ஓட்டுவது எப்படி?

மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் என்னை வீட்டில் பார்க்க முடியாது. முதலாவது ஜி.எஸ்.டி.ஆர்-1 என்கிற விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள், இரண்டாவது ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்கிற வரிச் சுருக்கக் கணக்குக்கு. காங்கேயத்தைச் சுற்றியிருக்கிற எண்ணெய் மில், அரிசி ஆலை, கொப்பரைக் களம் என்று போய்க் கணக்கு எழுதி, ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பாதி மில் ஆபீஸில் பிராட்பேண்ட் கிடையாது. இருக்கிற இடத்திலும் கரண்ட் போனால் மோடம் அணைந்துவிடும். அதனால் என் போனில் இருக்கிற நெட்தான் லேப்டாப்புக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயம். "அக்கா, லேப்டாப்புல என் போன் பேரே காட்டல." "அக்கா, கனெக்ட் ஆச்சு, ஆனா மத்தியானத்துக்குள்ள டேட்டா தீந்துபோச்சு." இரண்டாவதற்குத்தான் பதில் நீளம். அதனால் இணைக்கிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

முதலில் ஹாட்ஸ்பாட்

போன் தன் நெட்டை வைஃபையாக்கிப் பக்கத்தில் இருப்பவற்றுக்குக் கொடுப்பதுதான் ஹாட்ஸ்பாட்; எந்த வழியில் கொடுத்தாலும் பொதுப்பெயர் டெதரிங். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸுக்குள் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்'. சாம்சங்கில் இது 'கனெக்‌ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும். மற்ற கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஓர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடி அலைய வேண்டாம்; செட்டிங்ஸின் தலையில் இருக்கும் தேடல் பெட்டியில் ஹாட்ஸ்பாட் என்று அடித்தால் வந்து நிற்கும்.

ஆன் பண்ணுவதற்கு முன்னால் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பெயரில் உங்கள் சொந்தப் பெயரோ போன் நம்பரோ வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால் பக்கத்தில் இருக்கிற எல்லார் போனிலும் அந்தப் பெயர் தெரியும். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக அடிப்பது பாஸ்வேர்டு இல்லை.

அப்புறம் லேப்டாப்பில் வலது கீழ் மூலையில் வைஃபை குறியை அழுத்தினால் உங்கள் போனின் பெயர் பட்டியலில் வரும். பாஸ்வேர்டு அடித்து இணையுங்கள். இது பப்ளிக் நெட்வொர்க்கா, பிரைவேட்டா என்று விண்டோஸ் கேட்டால் பப்ளிக் என்றே வையுங்கள். நெட் ஓடுவதில் ஒரு வித்தியாசமும் இருக்காது. அதே ஹாட்ஸ்பாட்டில் வேறு யாராவது இணைந்தால் உங்கள் லேப்டாப் அவர்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

இணைந்தாகிவிட்டது. பிரவுசரைத் திறக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

லேப்டாப்பிடம் உண்மையைச் சொல்லுங்கள்

போன் தன் நெட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து நடந்துகொள்ளும். சிம் டேட்டாவில் இருக்கும்போது பெரிய அப்டேட்டுகளை வைஃபை வரும்வரை தள்ளிப் போடும், போட்டோ பேக்கப்பை நிறுத்தி வைக்கும். லேப்டாப்புக்கு இது தெரியாது. அதன் கண்ணுக்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபை, வீட்டு பிராட்பேண்டும் ஒரு வைஃபை. வைஃபை கிடைத்ததும் நாலு நாளாகச் சேர்த்து வைத்த வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கும். விண்டோஸ் அப்டேட், ஸ்டோரில் இருக்கிற ஆப்புகளின் அப்டேட், ஆன்டிவைரஸ், ஒன்டிரைவ், வாட்ஸ்அப் என்று எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று சில ஜி.பி. வரும். உங்கள் தினசரி பேக் 1.5 ஜி.பி.யோ 2 ஜி.பி.யோ என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது.

இதற்கு விண்டோஸில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அங்கே உங்கள் போன் பெயரோடு இருக்கும் 'ப்ராப்பர்ட்டீஸ்'. அதைத் திறந்து கீழே வந்தால் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒரு வரி. அதை ஆன் பண்ணுங்கள். விண்டோஸ் 10-இலும் இதே பாதைதான், வரி 'செட் ஆஸ் மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று இருக்கும். இது அளந்து கொடுக்கிற நெட், பார்த்துச் செலவு பண்ணு என்று லேப்டாப்பிடம் சொல்வதுதான் இந்த ஸ்விட்ச்சின் வேலை. இதைப் போட்ட பிறகு பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது, ஒன்டிரைவும் நின்றுகொள்ளும். அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு தடவை போட்டால் போதும், பெயரை மாற்றாத வரை விண்டோஸ் ஞாபகம் வைத்திருக்கும்.

ஒன்டிரைவைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புது லேப்டாப்புகளில் டெஸ்க்டாப் ஃபோல்டரே பல சமயம் ஒன்டிரைவோடு சேர்ந்திருக்கும். மில்லில் உட்கார்ந்து கொள்முதல் பில்களை ஸ்கேன் பண்ணி டெஸ்க்டாப்பில் போட்டுக்கொண்டே வருவோம். அது ஒவ்வொன்றையும் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். இறங்குகிற டேட்டாவைப் போலவே ஏறுகிற டேட்டாவும் உங்கள் பேக்கிலிருந்துதான் கழியும். கூகுள் டிரைவை லேப்டாப்பில் நிறுவி வைத்திருந்தால் மீட்டர்டு ஸ்விட்ச்சை நம்பி விடாதீர்கள். அதன் குறியை அழுத்தி, சிங்க் ஆவதை நீங்களே நிறுத்தி வைப்பது நல்லது.

லேப்டாப் வாட்ஸ்அப் இன்னொன்று. என் போனில் கொப்பரை விலை சொல்கிற குரூப்பே ஏழெட்டு இருக்கும். காலையில் விலை வருவதற்கு முன்னால் வணக்கம் சொல்லும் வீடியோக்கள் வந்துவிடும். போனில் ஒரு தடவை, லேப்டாப்பில் ஒரு தடவை என்று இரண்டு தடவை இறங்கும். லேப்டாப் வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் தானாக இறங்குவது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் வீடியோ, போட்டோ எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று. உங்கள் லேப்டாப்பில் ஏற்கனவே இறங்கிய அப்டேட்டை மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிக் கொடுக்கிற ஏற்பாடு அது. ஊருக்கெல்லாம் அப்டேட் கொடுக்கும் அளவுக்கு என் பேக்கில் டேட்டா இல்லை. 'மற்ற டிவைஸ்களிலிருந்து டவுன்லோட்' என்ற பொருளில் இருக்கும் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி வைத்திருக்கிறேன்.

எது எவ்வளவு தின்றது என்று பார்க்க வேண்டுமானால் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்டுக்குள் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'டேட்டா யூசேஜ்'. கடைசி 30 நாளில் ஒவ்வொரு புரோகிராமும் எடுத்த டேட்டா வரிசையாக இருக்கும். முதல் தடவை பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள். நாம் கையால் திறந்து வேலை பார்த்த புரோகிராமை விட, பெயரே தெரியாமல் பின்னால் ஓடியவை மேலே உட்கார்ந்திருக்கும். அதே பக்கத்தில் எல்லை வைக்கவும் வழி உண்டு.

ரிட்டர்ன் போடுவதற்கோ, சரக்கு லாரியோடு போகிற இ-வே பில் எடுப்பதற்கோ ஆகிற டேட்டா மிகக் குறைவு. படம் பார்ப்பதுதான் பேக்கைக் காலி பண்ணும். எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை போகும் என்று நெட்ஃபிளிக்ஸே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பில் யூடியூப் போட்டால் தரத்தை 360-க்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். பெரிய திரை என்பதால் அது தானாகவே மேல் தரத்துக்குத்தான் போகும்.

தினசரி எல்லை தாண்டினால் வேகம் 64 கே.பி.பி.எஸ்-க்கு விழும். விநாடிக்கு 8 கிலோபைட், ஒரு எம்.பி. இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஜி.எஸ்.டி. போர்ட்டல் அந்த வேகத்தில் திறக்காது, பாதி திறந்து நிற்கும். பெரும்பாலான தினசரி பேக்குகளில் நள்ளிரவு 12 மணிக்குப் புது டேட்டா வந்துவிடும். ஆனால் 20-ஆம் தேதி ராத்திரி அந்த 12 மணிக்குத்தான் தாமதக் கட்டணமும் ஆரம்பிக்கிறது, நாளொன்றுக்கு 50 ரூபாய், வியாபாரமே நடக்காத நில் ரிட்டர்னுக்கு 20 ரூபாய். அதனால் கடைசி நாட்களில் மட்டும் ஒரு டேட்டா டாப்-அப்பைக் காலையிலேயே போட்டு வைத்துவிடுவேன். கட்சிக்காரர், அதாவது நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர், கட்ட வேண்டிய அபராதத்தோடு பார்த்தால் அது டீச்செலவு.

கேபிள் இருந்தால் கேபிள்

ஹாட்ஸ்பாட்டை முதலில் சொன்னது எல்லாருக்கும் தெரிந்தது என்பதால். நான் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது கேபிள்தான் போடுவேன். பாஸ்வேர்டு வேண்டாம், பக்கத்து ஆள் நுழைய முடியாது, போன் பேட்டரியும் இறங்காது. வைஃபையைப் போனே ஒலிபரப்பிக்கொண்டிருந்தால் போன் சுடும். கேபிளில் அந்தச் சூடு பெருமளவு குறையும்.

சார்ஜர் கேபிளைக் கழற்றி ஒரு முனையைப் போனிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் செருகுங்கள். பிறகு அதே 'ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங்' பக்கத்தில் 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன். கேபிள் செருகும் வரை இந்த ஸ்விட்ச் மங்கலாகத்தான் இருக்கும், அழுத்தினாலும் நகராது. செருகிய பிறகும் மங்கலாகவே இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பெட்டிக்கடையில் தொங்குகிற கேபிள்களில் சிலவற்றுக்குள் சார்ஜ் போகிற கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போன் சார்ஜ் ஆகும், லேப்டாப்புக்கு அப்படி ஒரு போன் வந்ததே தெரியாது. போனில் இருக்கிற போட்டோவை அந்தக் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு எடுக்க முடிந்தால் அது டேட்டா கேபிள். அந்தக் கேபிளுக்கு நான் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன், மில்லில் யாரும் சார்ஜ் போட எடுத்துப் போய்விடக் கூடாது என்று.

இணைந்ததும் லேப்டாப்பில் வைஃபை குறி இருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் படம் வரும். விண்டோஸ் இதை ஈதர்நெட், அதாவது கம்பி நெட் என்று எடுத்துக்கொள்கிறது. கவனம், மீட்டர்டு ஸ்விட்ச்சை இங்கே தனியாகப் போட வேண்டும். நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட், அதற்குள் அதே வரி. சில போன்களை ஒவ்வொரு தடவை செருகும்போதும் விண்டோஸ் புது நெட்வொர்க் என்று நினைத்துக்கொள்ளும். அந்தப் போன்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பார்வை பார்க்க வேண்டியிருக்கும். கேபிளுக்கு எதிராகச் சொல்ல எனக்கு இருக்கிற முதல் குறை இது.

கேபிளை உருவினால் டெதரிங் ஆஃப் ஆகிவிடும், திரும்பச் செருகினால் திரும்ப ஆன் பண்ண வேண்டும். இதற்கும் ஒரு வழி உண்டு. ஆப் எழுதுகிறவர்களுக்காகப் போனில் மறைத்து வைத்திருக்கிற டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டீஃபால்ட் யு.எஸ்.பி. கான்ஃபிகரேஷன்' என்பதை டெதரிங்குக்கு மாற்றி வைத்தால் செருகியதும் தானாக ஓடும். நான் அதைச் செய்வதில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால் திறக்க மறுக்கிற பேங்க் ஆப்புகள் இருக்கின்றன, எனக்குப் பேங்க் ஆப் முக்கியம்.

கம்பெனி, எல்.எல்.பி. ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் கட்டாயம், அந்தக் கையெழுத்து இருக்கிற பென்டிரைவ் மாதிரியான டோக்கனும் யு.எஸ்.பி.யில்தான் போகும். மெல்லிய லேப்டாப்பில் இரண்டே துளை, அதில் ஒன்று மவுஸுக்கு. ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப் வாங்கினால் டோக்கனை நேராக லேப்டாப்பில் செருகுங்கள், போனை ஹப்பில் விடுங்கள். இரண்டும் ஒரே மலிவு ஹப்பில் இருந்தால், போன் சார்ஜ் இழுக்கிற இழுப்பில் டோக்கன் விட்டுப் போகும். அதுவும் சரியாகக் கையெழுத்துப் போடுகிற நேரத்தில்.

கரண்ட் இல்லாத நேரம் இன்னொரு விஷயமும் உண்டு. கேபிளில் இருக்கும் போன் லேப்டாப் பேட்டரியை உறிஞ்சும். வேலை கொஞ்சம்தான் என்றால் பரவாயில்லை. மூன்று மணி நேரம் உட்கார வேண்டும் என்றால் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி, போனைப் பவர் பேங்கில் போடுவது புத்திசாலித்தனம்.

கேபிள் வழியாக சிம் டேட்டா மட்டும்தான் போகும் என்று நினைக்க வேண்டாம். போன் ஏதாவது வைஃபையில் இருந்தால் அந்த வைஃபை நெட்டே லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப்பின் வைஃபை கெட்டுப்போய், சர்வீஸுக்குக் கொடுக்க நேரமில்லாமல் இருக்கிறவர்களுக்கு இது கை கொடுக்கும்.

தகரக் கூரைக்குக் கீழே

எண்ணெய் மில் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தகர ஷீட், மூன்று பக்கம் சுவர், சாலையைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். மேஜை எப்போதும் ஜன்னலுக்கு எதிர் மூலையில், கல்லாப்பெட்டியோடு இருக்கும். அந்த மூலையில் போனை வைத்தால் ஒரு கோடு சிக்னல். முதலாளி பழகியவர், நான் பையை இறக்கும்போதே "அம்மணி, போனைக் கொண்டுபோய் ஜன்னல்ல வைங்க, அங்கதான் எனக்கே பேச்சு கேக்கும்" என்பார். அவர் சொல்வது சரி. இங்கே கேபிள் உதவாது, கேபிள் போட்டால் போனும் மூலைக்கு வந்தாக வேண்டும். ஹாட்ஸ்பாட் போட்டு, போன் ஜன்னலில், லேப்டாப் மேஜையில்.

எந்த இடத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதைக் கோடுகளை வைத்து முடிவு பண்ணாதீர்கள். செட்டிங்ஸில் 'அபௌட் போன்', 'சிம் ஸ்டேட்டஸ்' உள்ளே போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்று மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 90-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல இடம். மைனஸ் 110-ஐத் தாண்டிப் போனால் வேலை ஓடாது. மைனஸ் குறிக்குப் பிறகு வருகிற எண் சின்னதாக இருப்பதுதான் நல்லது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள், ஒவ்வோர் இடத்திலும் சில விநாடி நில்லுங்கள். இரண்டடி தள்ளினால் எண் பத்து மாறுவதைப் பார்ப்பீர்கள். மேஜையை நகர்த்தச் சொன்னால் முதலாளிகள் முகம் சுளிப்பார்கள், போனை நகர்த்த யார் அனுமதியும் வேண்டாம்.

ஜன்னலில் வைக்கும்போது இரும்புக் கம்பியில் ஒட்டி வைக்காதீர்கள். பாட்டுச் சத்தம் கூடுவதற்குப் போனைச் சொம்பில் போடுகிற பழக்கத்தில் இதையும் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உலோகம் சிக்னலை மறைக்கும். வெயில் படுகிற பக்கமும் வேண்டாம். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

ஊருக்கு வெளியே 5ஜி ஒரு நிமிடம் வரும், ஒரு நிமிடம் போகும். அப்படித் தாவிக்கொண்டிருந்தால் போர்ட்டல் பாதியில் வெளியே தள்ளிவிடும். மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் 'ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்' என்பதில் 4ஜி என்று மாற்றி வைத்தால் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அறுந்து போகாது. ரிட்டர்ன் போடுவதற்கு வேகத்தை விட அறாமல் இருப்பதுதான் முக்கியம்.

போன் பேசினால் நெட் நிற்கிறது

இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் தினமும் நடக்கிற கூத்து. ரிட்டர்னை முடித்துக் கடைசியாக ஓ.டி.பி. போடும் இடம். ஓ.டி.பி. கட்சிக்காரர் போனுக்குப் போகும், அவர் களத்தில் இருப்பார். "அண்ணா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கூப்பிடுகிறோம். அவர் சொல்கிறார், அடிக்கிறோம், பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

காரணம் இரண்டு சிம். டேட்டா இரண்டாவது சிம்மில், பேசுவது முதல் சிம்மில் என்று வைத்திருப்பவர்கள் நிறைய. பெரும்பாலான போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் ஆனில்தான் இருக்கும், லேப்டாப்பும் இணைந்திருப்பதாகத்தான் காட்டும், நெட் மட்டும் வராது. டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறதோ அதே சிம்மிலிருந்து கூப்பிடுங்கள். 4ஜி சிம்மில் வோல்ட்டி, அதாவது பேச்சும் 4ஜி வழியாகவே போகிற வசதி, ஆனில் இருந்தால் பேச்சும் டேட்டாவும் சேர்ந்தே ஓடும். பேசும் நேரத்தில் மட்டும் டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் ஸ்விட்ச் சில போன்களில் உண்டு, ஐபோனில் அது 'அலௌ செல்லுலார் டேட்டா ஸ்விட்ச்சிங்'. இரண்டு சிம்மிலும் பேக் இருந்தால்தான் அதனால் பயன். இது எதுவும் வேண்டாம் என்றால், ஓ.டி.பி.யை மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு கேட்பவர்கள்

மில்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் யாராவது ஒரு பையன் வந்து நிற்பான். "அக்கா, ரெண்டு நிமிசம் நெட்டு குடுங்க, அம்மாவுக்கு ஜிபே பண்ணணும்." மறுக்க மனசு வராது. கொடுங்கள், ஆனால் ஒரு தடவை கொடுத்த பாஸ்வேர்டை அவன் போன் மறக்காது. அடுத்த மாதம் நீங்கள் ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணியதும், அவன் வேறு அறையில் இருந்தாலும் போன் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும்; ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்றால் பாஸ்வேர்டை மாற்றும் நேரம். உங்கள் சிம்மிலிருந்து யார் என்ன செய்தாலும் கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.

ஐபோன், மேக்

ஐபோனில் செட்டிங்ஸ், 'பர்சனல் ஹாட்ஸ்பாட்', 'அலௌ அதர்ஸ் டு ஜாயின்'. லேப்டாப் இணையும் வரை அந்தப் பக்கத்தை மூடாமல் திறந்தே வைத்திருங்கள். மூடினால் பல தடவை பட்டியலில் பெயரே வராது. ஐபோன் 12-இலிருந்து அதே பக்கத்தில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, பழைய லேப்டாப் என்றால் அதை ஆன் பண்ணுங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயர் போனின் பெயர்தான், அதை 'ஜெனரல்', 'அபௌட்' உள்ளே மாற்றலாம்.

ஐபோனைக் கேபிளில் விண்டோஸ் லேப்டாப்போடு இணைக்க, லேப்டாப்பில் ஐடியூன்ஸோ ஆப்பிள் டிவைசஸ் ஆப்போ இருக்க வேண்டும். செருகியதும் போனில் 'டிரஸ்ட்' என்று கேட்பதை ஒத்துக்கொள்ளுங்கள். மேக்கும் ஐபோனும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருந்தால் பாஸ்வேர்டே வேண்டாம், மேக்கின் வைஃபை பட்டியலில் போன் தானாக வரும். மேக்கில் மீட்டர்டு ஸ்விட்ச்சுக்குப் பதில் 'லோ டேட்டா மோட்'. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மேக்கோடு இணைப்பது மட்டும் பல போன்களில் நடக்காது. அதற்கு நேரம் செலவழிக்காமல் ஹாட்ஸ்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

புளூடூத் வழியாகவும் நெட் கொடுக்கலாம். பேட்டரி குறைவாகத்தான் போகும், வேகமும் அப்படியே. ஒரு மெயில் அனுப்ப ஆகும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால்

ஹாட்ஸ்பாட் ஸ்விட்ச்சே ஆன் ஆகவில்லை என்றால், ஆண்ட்ராய்டில் 'டேட்டா சேவர்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும் வரை டெதரிங் எதுவும் ஓடாது. டேட்டாவை மிச்சம் பிடிக்கத்தானே ஆன் பண்ணினேன் என்பார்கள். மிச்சம் பிடிக்கிற வேலையை மீட்டர்டு ஸ்விட்ச்சிடம் விடுங்கள்.

லேப்டாப்பில் பெயர் காட்டவில்லை என்றால் 'பேண்ட்', அதாவது வைஃபையின் அலைவரிசையைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு இருக்கும். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 5 தெரியாது, 2.4-க்கு மாற்றியதும் பெயர் வந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டியும் போகும், அதனால் மில்லுக்கு அதுவே மேல். திருப்பூரில் ஒரு காம்ப்ளக்ஸின் மூன்றாவது மாடியில், சுற்றி இருபது ஆபீஸ் வைஃபை இருக்கிற இடத்தில், 2.4 நெரிசலில் திணறும்; அங்கே 5 போடுங்கள். பெயர் காட்டியும் பாஸ்வேர்டு சரியாக அடித்தும் சேரவில்லை என்றால் 'செக்யூரிட்டி' வரியில் டபிள்யூ.பி.ஏ.3 என்று இருப்பதை டபிள்யூ.பி.ஏ.2 ஆக்கிப் பாருங்கள்.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஹாட்ஸ்பாட் அணைந்துவிடுகிறதா? யாரும் இணையாமல் இருந்தால் தானாக அணையும் ஏற்பாடு அது. அதே பக்கத்தில் அதை ஆஃப் பண்ணலாம்.

எல்லாம் சரி, போனில் நெட் ஓடுகிறது, லேப்டாப் இணைந்திருக்கிறது, லேப்டாப்பில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால், முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு எடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஏ.பி.என். செட்டிங்ஸ் பக்கம் போக வேண்டும்; சிம் கம்பெனியின் நெட்டுக்குள் போன் நுழைகிற வாசல்தான் ஏ.பி.என். மொபைல் நெட்வொர்க்குக்குள் 'ஆக்ஸஸ் பாயின்ட் நேம்ஸ்' என்று இருக்கும். இப்போது ஓடுகிற ஏ.பி.என்.னைத் திறந்து, 'ஏ.பி.என். டைப்' என்ற வரியின் கடைசியில் ஒரு கமா போட்டு, இடைவெளி விடாமல் டி, யு, என் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சின்ன எழுத்தில் சேர்த்து சேவ் பண்ணுங்கள். டெதரிங்குக்கும் இதே ஏ.பி.என்.னைப் பயன்படுத்திக்கொள் என்று போனுக்குச் சொல்வது அது. மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது குளறுபடியானால் அதே பக்கத்தின் மேல் மூலையில் மூன்று புள்ளியை அழுத்தி 'ரீசெட் டு டீஃபால்ட்' கொடுத்தால் பழையபடி வந்துவிடும். சில போன்களில் அந்த வரியைத் திருத்தவே விடாது; அப்போது அந்த சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டு ஹாட்ஸ்பாட் கொடுத்துப் பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு போனில், அதிலும் ஓடவில்லை என்றால் சிம் கொடுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.